ஸ்ட்ரெஸ் பற்றிய நம் எண்ணம் உடம்பை மாற்றுமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஸ்ட்ரெஸ் உடம்புக்குக் கெடுதல் என்பதைக் கேள்விப்படாதவர்கள் இருக்க மாட்டார்கள். கடந்த பதினைந்து இருபது வருட ஆய்வுகளில் இன்னொரு கேள்வியும் சேர்ந்துகொண்டது: ஸ்ட்ரெஸ்ஸைப் பற்றி நாம் வைத்திருக்கும் எண்ணம், அது நம்மைப் பாதிக்கும் விதத்தையே மாற்றுமா? ஓரளவு மாற்றும் என்பதுதான் என் பதில். அந்த ‘ஓரளவு’ எவ்வளவு என்பதைச் சரியாகச் சொல்லத்தான் இந்தப் பக்கம். ஏனென்றால் இதை “எல்லாம் மனசுலதான் இருக்கு” என்று சுருக்கிவிடுபவர்களும் உண்டு, “வெறும் பேச்சு” என்று தள்ளிவிடுபவர்களும் உண்டு. இரண்டிலும் நஷ்டப்படுவது கஷ்டத்தில் இருப்பவர்தான்.

மன அழுத்தம், டென்ஷன், டிப்ரஷன் எல்லாம் ஒன்றுதானா?

இல்லை. தமிழில் இந்தக் குழப்பம் கொஞ்சம் அதிகமாகவே இருக்கிறது. செய்திகளில் ‘மன அழுத்தம்’ என்ற சொல்லை ஸ்ட்ரெஸ்ஸுக்கும் போடுகிறார்கள், டிப்ரஷனுக்கும் போடுகிறார்கள். டிப்ரஷன் ஒரு நோய். அதற்கு மனச்சோர்வு என்று தனிச் சொல் இருக்கிறது, சிகிச்சையும் இருக்கிறது. ஸ்ட்ரெஸ் நோயல்ல. நமக்கு முக்கியமான ஒன்று கைமீறிப் போய்விடுமோ என்று தோன்றும்போது உடம்பும் மனமும் அதற்குத் தயாராகும் விதம்தான் அது. நெஞ்சு படபடக்கும், உள்ளங்கை வியர்க்கும், வயிற்றில் புளியைக் கரைக்கும், ஒரே நினைப்பு சுற்றிச் சுற்றி வரும்.

‘நமக்கு முக்கியமான ஒன்று’ என்பதைக் கவனியுங்கள். யாரோ ஒருவர் வீட்டுப் பிள்ளையின் பரீட்சைக்காக நமக்குத் தூக்கம் கெடுவதில்லை. அக்கறை இல்லாத இடத்தில் ஸ்ட்ரெஸ் வராது.

குழப்பம் வேண்டாம் என்பதற்காக இந்தப் பக்கம் முழுக்க ஸ்ட்ரெஸ் என்றே எழுதுகிறேன். இங்கே சொல்வது எதுவும் மனச்சோர்வுக்கான சிகிச்சைக்கு மாற்றல்ல.

ஸ்ட்ரெஸ் என்றாலே கெட்டது என்று எப்படி ஆனது?

அதில் எலிகளுக்குப் பெரிய பங்கு இருக்கிறது. கனடாவின் மான்ட்ரியல் நகரில் ஆய்வு செய்துகொண்டிருந்த ஹான்ஸ் செலியே, எலிகளுக்குச் சுரப்பிச் சாறுகளை ஊசி மூலம் ஏற்றிப் பார்த்தார். எந்தச் சாற்றை ஏற்றினாலும் அதே மூன்று மாற்றங்கள் வந்தன: அட்ரினல் சுரப்பி பெருத்தது, நோய் எதிர்ப்போடு தொடர்புள்ள தைமஸ் சுருங்கியது, வயிற்றில் புண் வந்தது. சாறே இல்லாமல் கடுங்குளிரில் வைத்தாலும், ஓடவிட்டுக் களைக்கவைத்தாலும் அதேதான். 1936-ல் ‘நேச்சர்’ இதழில் இதை ஒரு சிறு குறிப்பாக வெளியிட்டார். பிறகு பொறியியலில் புழங்கிய ஸ்ட்ரெஸ் என்ற சொல்லை எடுத்து இதற்கு வைத்தார்.

அந்த எலிகளின் நிலையை நினைத்துப் பாருங்கள். தப்பிக்க வழியில்லை, ஓய்வில்லை, என்ன நடக்கிறதென்றும் தெரியாது. அதற்கு வைத்த பெயரையே நாம் இன்று இன்டர்வியூவுக்கு முன்னால் வரும் படபடப்புக்கும் வைத்திருக்கிறோம். செலியே பிற்காலத்தில் நல்ல ஸ்ட்ரெஸ், கெட்ட ஸ்ட்ரெஸ் என்று பிரித்துச் சொன்னார். அது மக்களிடம் போய்ச் சேரவில்லை, பயம் மட்டும் போய்ச் சேர்ந்தது.

வயிற்றுப்புண் கதையும் இதில் ஒட்டிக்கொண்டதுதான். கவலைப்பட்டால் அல்சர் வரும் என்று டாக்டர்களே பல காலம் நம்பினார்கள். பெரும்பாலான அல்சர்களுக்கு ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற பாக்டீரியா காரணம் என்று பாரி மார்ஷலும் ராபின் வாரனும் காட்டினார்கள். 2005-ல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

அப்படியானால் ஸ்ட்ரெஸ் உடம்பைக் கெடுக்கும் என்பதே பொய்யா?

பொய்யில்லை. இதை முதலிலேயே ஒத்துக்கொள்ளாமல் ‘பார்வையை மாற்றுங்கள்’ என்று ஆரம்பிப்பது நேர்மையாகாது.

1991-ல் ஷெல்டன் கோஹனும் அவருடைய குழுவினரும் வெளியிட்ட ஆய்வைப் பாருங்கள். ஆரோக்கியமான 394 பேரின் மூக்கில் ஜலதோஷ வைரஸ்களைச் சொட்டுச் சொட்டாக விட்டார்கள். எல்லோருக்கும் கிருமி போனது, ஆனால் எல்லோருக்கும் சளி பிடிக்கவில்லை. வாழ்க்கையில் ஸ்ட்ரெஸ் குறைவாக இருந்தவர்களில் சுமார் 27 சதவீதம் பேருக்குச் சளி பிடித்தது. அதிகமாக இருந்தவர்களில் சுமார் 47 சதவீதம்.

1995-ல் ஜேனிஸ் கீகோல்ட்-கிளேசர் செய்த ஆய்வு எனக்கு இன்னும் மனதில் நிற்பது. மறதி நோய் வந்த குடும்பத்தினரை வீட்டிலேயே பார்த்துக்கொண்ட 13 பெண்கள் ஒரு பக்கம், அதே வயதையொட்டிய, அந்தச் சுமை இல்லாத 13 பெண்கள் இன்னொரு பக்கம். எல்லோருடைய கையிலும் 3.5 மில்லிமீட்டர் அளவில் சின்னதாக ஒரு காயம் செய்து, ஆறுவதற்கு எத்தனை நாள் ஆகிறது என்று பார்த்தார்கள். சுமை இல்லாதவர்களுக்குச் சராசரியாக 39 நாள். பராமரித்தவர்களுக்கு ஏறக்குறைய 49 நாள். வருடக்கணக்கில் ஓய்வில்லாமல் ஒருவரைப் பார்த்துக்கொள்வது தோல் ஆறும் வேகம் வரைக்கும் போய்த் தொடுகிறது.

இப்படி நாள்பட நாள்பட உடம்பில் சேரும் தேய்மானத்துக்கு அலோஸ்டேடிக் லோடு என்று பெயர் வைத்தார்கள். நரம்பியல் அறிஞர் புரூஸ் மெக்யூவன் 1993-ல் இதைப் பற்றி எழுதினார். தற்காலிகமாக உயர வேண்டிய கார்டிசோல் என்ற ஸ்ட்ரெஸ் ஹார்மோனும் ரத்த அழுத்தமும் இறங்கவே நேரமில்லாமல் போனால் இந்தத் தேய்மானம் கூடுகிறது. ஒன்றைத் தெளிவாகப் பிடித்துக்கொள்ளுங்கள்: ஏறுவது பிரச்சினை இல்லை, இறங்காமல் இருப்பதுதான் பிரச்சினை.

சரி, இதில் நம் எண்ணத்துக்கு என்ன வேலை?

2012-ல் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்திலிருந்து அபியோலா கெல்லரும் குழுவினரும் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். 1998-ல் நடந்த தேசிய சுகாதாரக் கணக்கெடுப்பில் பங்கெடுத்த 28,000-க்கும் மேற்பட்ட பெரியவர்களிடம் இரண்டு கேள்விகள் கேட்கப்பட்டிருந்தன. உங்களுக்கு எவ்வளவு ஸ்ட்ரெஸ்? அது உங்கள் உடல்நலத்தை எவ்வளவு பாதிக்கிறது என்று நினைக்கிறீர்கள்? 2006 வரையிலான இறப்புப் பதிவுகளோடு இந்தப் பதில்களைச் சேர்த்துப் பார்த்தபோது, ஸ்ட்ரெஸ்ஸும் அதிகம், அது தன்னை மிகவும் பாதிக்கிறது என்ற எண்ணமும் அதிகம் என்றிருந்தவர்களிடம் முன்கூட்டியே இறக்கும் அபாயம் 43 சதவீதம் கூடுதலாக இருந்தது.

அடுத்த வருடமே பிரிட்டனிலிருந்து இதே திசையில் ஒரு ஆய்வு வந்தது. லண்டனில் வேலை பார்த்த 7,000-க்கும் மேற்பட்ட அரசு ஊழியர்களைச் சுமார் 18 வருடம் தொடர்ந்து கவனித்தார்கள். ஸ்ட்ரெஸ் தன் உடல்நலத்தை ரொம்பவே பாதிக்கிறது என்று சொன்னவர்களிடம், பாதிக்கவே இல்லை என்றவர்களைவிட மாரடைப்பு அபாயம் இரு மடங்காக இருந்தது. புகை, ரத்த அழுத்தம் போன்ற மற்ற காரணங்களைக் கழித்துப் பார்த்த பிறகும் சுமார் 50 சதவீதம் கூடுதலாக மிஞ்சியது.

இந்த இரண்டு ஆய்வுகளையும் வைத்துக்கொண்டு “ஸ்ட்ரெஸ் கொல்வதில்லை, அது கொல்லும் என்ற நம்பிக்கைதான் கொல்கிறது” என்று பலர் பேசிவிட்டார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். இவை யாருக்கும் எதையும் செய்து பார்த்த சோதனைகள் அல்ல, கேட்டுப் பதிவு செய்தவை. “இது என் உடம்பைக் கெடுக்கிறது” என்று சொன்னவர்களில் சிலருக்கு உண்மையிலேயே உடம்பு கெட ஆரம்பித்திருக்கலாம், அதை அவர்கள் சரியாகவே உணர்ந்திருக்கலாம். எண்ணம் காரணமா, அறிகுறியா என்பதை இந்த எண்களால் மட்டும் பிரிக்க முடியாது. அதைப் பிரிக்கச் சோதனைக்கூடத்துக்குத்தான் போக வேண்டும்.

ஒரு நினைப்பு ரத்தக்குழாய் வரைக்கும் எப்படிப் போகும்?

இந்தப் பக்கத்திலேயே எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது.

படபடப்பு என்று நாம் ஒரே பெயரில் சொல்வது உடம்பில் ஒரே மாதிரி நடப்பதில்லை. ஜிம் பிளாஸ்கோவிச், ஜோ டோமகா என்ற உளவியலாளர்கள் 1990-களில் இதை அளந்து காட்டினார்கள். முன்னால் நிற்கும் வேலை என்னிடம் எவ்வளவு கேட்கிறது, அதைச் சமாளிக்க என் கையில் எவ்வளவு இருக்கிறது என்று மனம் ஒரு கணக்குப் போடுகிறது. கண் இமைக்கும் நேரத்தில், நமக்கே தெரியாமல். கையில் இருப்பது போதும் என்று கணக்கு வந்தால் அது சவால். போதாது என்று வந்தால் ஆபத்து.

இரண்டிலும் இதயம் வேகமாக அடிக்கும். சவால் நிலையில் இதயம் நிமிடத்துக்கு அதிக ரத்தத்தைத் தள்ளுகிறது, ரத்தக்குழாய்கள் தளர்ந்து வழிவிடுகின்றன. மூளைக்கும் தசைக்கும் ரத்தம் தாராளமாகப் போகிறது. உடற்பயிற்சி செய்யும்போது நடப்பதைப் போலத்தான் இது. ஆபத்து நிலையில் ரத்தக்குழாய்கள் இறுகுகின்றன. இதயம் அடித்துக்கொண்டாலும் வெளியே போகும் ரத்தம் அந்த அளவுக்குக் கூடுவதில்லை. காயம் படப்போகிறது என்று நினைத்து உடம்பு தன்னை இறுக்கிக்கொள்வதைப் போல. கை சில்லிடுவதும் அப்படிப்பட்ட நேரத்தில்தான்.

இப்போது முக்கியமான இடம். அந்தக் கணக்கில் ‘என் கையில் இருப்பது’ என்ற பக்கத்தில், இந்தப் படபடப்பையும் சேர்த்துக்கொண்டால் என்ன ஆகும்? ஜெரமி ஜேமிசன் 2012-ல் வெளியிட்ட சோதனை இதைத்தான் பார்த்தது. முன்பின் தெரியாத ஆட்களின் முன்னால் பேச வேண்டும், அவர்கள் முகத்தைச் சுளித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். யாராக இருந்தாலும் அடிவயிறு கலங்கும். ஒரு குழுவிடம் முன்கூட்டியே, இதயம் வேகமாக அடிப்பது உடம்பு உங்களுக்கு உதவச் செய்யும் ஏற்பாடு என்று விளக்கினார்கள். அந்தக் குழுவின் இதயம் கூடுதல் ரத்தத்தைத் தள்ளியது, ரத்தக்குழாய்களின் இறுக்கம் குறைவாக இருந்தது. ஆபத்து வடிவத்திலிருந்து சவால் வடிவத்தை நோக்கி உடம்பு நகர்ந்திருந்தது. மாறியது ஒரு விளக்கம் மட்டும்தான்.

மந்திரம் மாதிரி தோன்றினால், மூளையின் வேலையே அதுதான் என்று நினைத்துக்கொள்ளுங்கள். வரப்போவதை ஊகித்து உடம்பை முன்கூட்டியே தயார்செய்வது அதன் அன்றாட வேலை. அலியா கிரம் 2011-ல் செய்த ஒரு சோதனையில் ஒரே மில்க் ஷேக்கை இரண்டு தடவை கொடுத்தார்கள். உள்ளே இருந்தது 380 கலோரி. ஒரு தடவை 620 என்றும் இன்னொரு தடவை 140 என்றும் லேபிள் ஒட்டினார்கள். 620 என்று நம்பிக் குடித்தபோது, பசியைத் தூண்டும் கிரெலின் ஹார்மோனின் அளவு ரத்தத்தில் கூடுதலாகக் குறைந்தது. வயிற்றுக்குள் போனது ஒன்றுதான்.

பரீட்சைக்கு முன்னால் அமைதியாக இருக்க வேண்டாமா? படபடப்பு மார்க்கைக் குறைக்காதா?

பரீட்சை ஹாலின் வாசலில் நின்று பிள்ளையிடம் “டென்ஷன் ஆகாதே, டென்ஷன் ஆகாதே” என்று சொல்லும் பெற்றோரை நிறையப் பார்த்திருக்கிறேன். அன்பால் சொல்வதுதான். ஆனால் அந்தப் பிள்ளையின் காதில் என்ன விழுகிறது? இப்போது உன் உடம்பில் நடப்பது தப்பு, இதோடு உள்ளே போனால் எழுத முடியாது என்று விழுகிறது. ஏற்கெனவே இருந்த பயத்தோடு, பயப்படுகிறோமே என்ற பயமும் சேர்ந்துவிடுகிறது.

ஜேமிசன் 2010-ல் இதையும் சோதித்திருக்கிறார். மேற்படிப்புக்கான ஜிஆர்இ நுழைவுத் தேர்வுக்குத் தயாராகிக்கொண்டிருந்த மாணவர்களில் பாதிப் பேரிடம், தேர்வின்போது வரும் படபடப்பு மதிப்பெண்ணைக் குறைப்பதில்லை, கூட்டவும் செய்யலாம், அதனால் கவலைப்படத் தேவையில்லை என்று சொல்லி அனுப்பினார்கள். மாதிரித் தேர்வில் அவர்கள் கணக்குப் பகுதியில் கூடுதல் மதிப்பெண் எடுத்தார்கள். பிறகு எழுதிய உண்மைத் தேர்வின் கணக்கிலும் அந்த வித்தியாசம் தெரிந்தது. மொழிப் பகுதியில் வித்தியாசமில்லை. எச்சிலை எடுத்துப் பார்த்ததில், அவர்களுடைய உடம்பின் விழிப்பு குறைந்திருக்கவில்லை, கூடியிருந்தது. அவர்கள் நன்றாக எழுதியது அமைதியானதால் அல்ல. படபடப்போடுதான் நன்றாக எழுதினார்கள்.

ஹார்வர்டைச் சேர்ந்த அலிசன் உட் புரூக்ஸ் 2014-ல் வெளியிட்ட சோதனைகளும் இதே கருத்துதான். கரோக்கி இயந்திரத்தின் முன்னால் அந்நியர்கள் பார்க்கப் பாடச் சொன்னார். பாடுவதற்கு முன் “எனக்கு உற்சாகமாக இருக்கிறது” என்று ஒரே ஒரு வாக்கியம் சொன்னவர்களுக்கு இயந்திரம் சராசரியாக 80 சதவீதத் துல்லியம் கொடுத்தது. ஒன்றும் சொல்லாதவர்களுக்கு 69. “பதற்றமாக இருக்கிறது” என்றவர்களுக்கு 53. உற்சாகம் என்று சொன்னவர்களின் இதயத் துடிப்பும் குறைந்துவிடவில்லை.

இதற்கு அவர் தரும் காரணம் எனக்குச் சரியாகப் படுகிறது. பதற்றமும் உற்சாகமும் உடம்பில் பக்கத்து வீடுகள், இரண்டிலும் உடம்பு விழித்துக்கொண்டுதான் இருக்கிறது. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போக மனம் மட்டும் திரும்பினால் போதும். அமைதிக்குப் போக வேண்டுமென்றால் ஓடிக்கொண்டிருக்கும் உடம்பையே நிறுத்த வேண்டும். தேர்வுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது அது யாராலும் ஆகிற காரியமில்லை.

எவ்வளவு ஸ்ட்ரெஸ் இருந்தால் நன்றாக வேலை செய்யலாம் என்று ஒரு வளைகோட்டுப் படம் காட்டுகிறார்களே?

கவிழ்த்துப்போட்ட கிண்ணம் மாதிரி இருக்கும் அந்தப் படம் 1908-ல் யெர்க்ஸ், டாட்சன் இருவரும் எலிகளுக்கு மின் அதிர்ச்சி கொடுத்துச் செய்த கற்றல் சோதனையிலிருந்து வந்தது. கடினமான வேலையில் அதிர்ச்சி மிதமாக இருந்தபோது எலிகள் வேகமாகக் கற்றன, அதிகமானபோது தடுமாறின. புதிய, சிக்கலான வேலைக்குக் கொஞ்சம் நிதானம் தேவை என்ற அளவுக்கு அது உதவும். உங்களுக்கான சரியான அளவு இதுதான் என்று அதிலிருந்து யாராலும் சொல்ல முடியாது.

பார்வையை மாற்றுவது என்பது பயிற்சியால் வருமா? எவ்வளவு நாள் ஆகும்?

ஆச்சரியமாக, ஆரம்பிக்க அதிக நேரம் ஆவதில்லை. 2008 நிதி நெருக்கடிக்குப் பிறகு ஆட்குறைப்பு நடந்துகொண்டிருந்த ஒரு பெரிய நிதி நிறுவனத்தில், 388 ஊழியர்களிடம் கிரமும் பீட்டர் சலோவியும் ஷான் ஏக்கரும் ஆய்வு செய்து 2013-ல் வெளியிட்டார்கள். ஒரு பிரிவுக்கு ஸ்ட்ரெஸ் எப்படி நம்மைக் கூர்மையாக்குகிறது என்று மூன்று சிறு வீடியோக்கள், இன்னொரு பிரிவுக்கு அது எப்படிச் சிதைக்கிறது என்று மூன்று. ஒவ்வொன்றும் மூன்று நிமிடம்தான், ஒரு வாரத்துக்குள் பார்த்தார்கள். முதல் பிரிவினர் வேலையிலும் மனநலத்திலும் முன்னேற்றம் சொன்னார்கள். அவர்களே சொன்னதுதான், யாரும் வெளியிலிருந்து அளக்கவில்லை. அதை மறக்கக் கூடாது.

இன்னும் வலுவானது 2022-ல் டேவிட் யேகர் குழுவினர் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்டது. 4,000-க்கும் மேற்பட்ட இளம் வயதினர், ஆறு சோதனைகள், கம்ப்யூட்டரில் சுமார் 30 நிமிடப் பாடம். இதில் இரண்டு எண்ணங்களைச் சேர்த்துச் சொல்லிக்கொடுத்தார்கள். திறமை உழைப்பால் வளரும் என்பது ஒன்று, ஸ்ட்ரெஸ் உதவிக்கு வரலாம் என்பது இன்னொன்று. இதயமும் ரத்தக்குழாயும் நடந்துகொண்ட விதம், அன்றாடக் கார்டிசோல், படிப்பில் தேர்ச்சி என்று வெளியிலிருந்து அளக்கக்கூடியவற்றிலும் நல்ல மாற்றம் தெரிந்தது. இரண்டையும் சேர்த்தது ஏன் என்று யோசித்தால் எளிதில் புரியும். “இந்தக் கணக்கு எனக்கு வரவே வராது” என்று நம்பும் பிள்ளையிடம் போய் “உன் படபடப்பு உனக்கு உதவும்” என்றால், எதற்கு உதவும் என்று அது திருப்பிக் கேட்கும்.

ஆனால் அரை மணி நேரத்தில் வாழ்க்கை மாறிவிடும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். இந்த மாற்றங்கள் பெரும்பாலும் சிறியவை.

கடைசியில் “எல்லாம் உன் மனசுலதான் இருக்கு” என்றுதானே சொல்கிறீர்கள்?

இல்லை. இந்தப் பக்கத்தை எழுத வைத்ததே அந்த வாக்கியம்தான்.

என் அப்பா படுக்கையில் இருந்த இரண்டு வருடம் அவரைப் பார்த்துக்கொண்டதும் நான், வேலைக்குப் போனதும் நான். இரவில் மூன்று தடவை எழுந்திருப்பேன். ஒருநாள் பார்க்க வந்த உறவினர், “நீ எல்லாத்தையும் பாசிட்டிவா எடுத்துக்கப்பா, மனசுதான் எல்லாத்துக்கும் காரணம்” என்று சொல்லிவிட்டுப் போனார். நல்ல மனிதர், நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். ஆனால் அன்றிரவு எனக்குச் சுமை ஒன்று கூடியது. இதுவரை களைப்பு மட்டும் இருந்தது, இப்போது களைத்துப் போவதே என் குறை என்றும் ஆகிவிட்டது. அன்று எனக்குத் தேவைப்பட்டது ஒரே ஒரு இரவு யாராவது மாற்றி உட்காருவது.

அதனால் இதை இரண்டாகப் பிரித்துப் பார்க்கச் சொல்கிறேன். உடம்பில் எழும் எதிர்வினை ஒன்று, அதைக் கிளப்பிய காரணம் இன்னொன்று. பார்வை மாற்றம் வேலை செய்வது முதலாவதில். இரண்டாவதை அது தொடுவதில்லை. அடிக்கும் கணவர், மிரட்டும் கடன்காரர், ஒரு ஆளுக்கு மூன்று ஆள் வேலை கொடுக்கும் மேலாளர், இதையெல்லாம் சவாலாகப் பார் என்று ஒருவரிடம் சொல்வது கொடுமை. அங்கே மாற வேண்டியது நிலைமை. ஊழியர்களுக்கு ஸ்ட்ரெஸ் வகுப்பு எடுத்துவிட்டு வேலை நேரத்தைக் குறைக்காத நிறுவனம் தன் பொறுப்பை ஊழியரின் தலையில் கட்டுகிறது என்றே நான் சொல்வேன்.

மேலே சொன்ன சோதனைகளைத் திரும்பப் பாருங்கள். தேர்வு, மேடை, பாட்டு. எல்லாம் முடிவு நேரம் உள்ளவை, நாமாக விரும்பி இறங்கியவை, பிறகு வீட்டுக்குப் போய்த் தூங்கக்கூடியவை. அங்கே இது நன்றாக வேலை செய்கிறது. முடிவே தெரியாத சுமைகளில் இதன் பலம் குறைவு. அங்கே ஒரே ஒரு விதத்தில் உதவும்: “நான் பலவீனமானவன் என்பதால் இப்படி ஆகவில்லை, எனக்கு முக்கியமான ஒருவருக்காக என் உடம்பு பாடுபடுகிறது” என்று தெரிந்துகொள்வதில் ஒரு சின்ன ஆறுதல் உண்டு. அது உண்மையும்கூட. உதவி கேட்பதற்கு அந்த ஆறுதல் தடையாகிவிடக் கூடாது, அவ்வளவுதான்.

ஸ்ட்ரெஸ்ஸில் இருக்கும்போது மற்றவர்களைத் தேடிப் போவது நல்லதா, தனியாக இருப்பது நல்லதா?

சண்டை போடு அல்லது ஓடிவிடு என்பது மட்டும்தான் உடம்பின் எதிர்வினை என்று நீண்ட காலம் பாடம் நடந்தது. ஷெல்லி டெய்லர் 2000-ல் இன்னொன்றைச் சேர்த்தார்: அரவணைப்பது, துணை தேடுவது. ஆபத்து நேரத்தில் குழந்தைகளை அணைத்துக்கொள்வதும் பக்கத்தில் இருப்பவர்களோடு சேர்ந்துகொள்வதும் உடம்பிலேயே ஊறியவை, ஆக்சிடோசின் ஹார்மோனுக்கு அதில் பங்குண்டு என்றார். அப்படியானால் யாரிடமாவது பேச வேண்டும் என்று தோன்றுவது பலவீனமல்ல, அதுவும் ஸ்ட்ரெஸ்ஸின் ஒரு பகுதிதான்.

அமெரிக்காவின் டெட்ராய்ட் பகுதியில் 846 பேரை ஐந்து வருடம் கவனித்த ஆய்வொன்றை மைக்கேல் பூலின் 2013-ல் வெளியிட்டார். பெரிய கஷ்டங்களைச் சந்தித்தவர்களிடம் இறப்பு அபாயம் கூடியிருந்தது, ஆனால் முந்தைய வருடத்தில் நண்பர்களுக்கோ அக்கம்பக்கத்தாருக்கோ உதவியாக இருந்தவர்களிடம் அந்தக் கூடுதல் தெரியவில்லை. இதுவும் சோதனையல்ல, கவனித்துச் சொன்னதுதான். ஏற்கெனவே ஒருவரைப் பார்த்துக்கொண்டு துவண்டு போயிருப்பவரிடம் இன்னும் நாலு பேருக்கு உதவுங்கள் என்று இதை வைத்துச் சொல்லாதீர்கள். சமைப்பது, கடைக்குப் போய்வருவது என்று அவருக்கு உதவப் போகும் ஆளாக நீங்கள் இருந்தால் இரண்டு பேருக்குமே நல்லது.

அன்றாடத்தில் இதை எப்படிச் செய்து பார்ப்பது?

அடுத்த தடவை நெஞ்சு படபடக்கும்போது அதை அடக்கப் பார்க்காமல், என்ன நடக்கிறது என்று உள்ளுக்குள் சொல்லிக்கொள்ளுங்கள். “படபடக்கிறது. மூளைக்கும் தசைக்கும் ரத்தம் போகிறது. இந்த மீட்டிங் எனக்கு முக்கியம், அதனால்தான்.” நம்பாமல் சொன்னால் பலிக்காது. அதனால் உங்களுக்கு உண்மையாகப் படும் வார்த்தைகளில் சொல்லுங்கள். ‘உற்சாகம்’ என்பது பொய்யாகத் தோன்றினால் ‘தயாராகிக்கொண்டிருக்கிறேன்’ என்றாலே போதும்.

அப்புறம் அந்தக் கணக்கின் இரண்டாவது பக்கத்தை வேண்டுமென்றே நிரப்புங்கள். எத்தனை தடவை ஒத்திகை பார்த்தேன், இதற்கு முன் எப்போது இப்படி ஒன்றைச் சமாளித்தேன், மாட்டிக்கொண்டால் யாரைக் கேட்கலாம் என்று ஒரு தாளில் எழுதலாம். தயாரிப்பே இல்லையென்றால் எந்த எண்ணமும் காப்பாற்றாது, போய்ப் படிக்கத்தான் வேண்டும். படபடப்பு பேசவே விடாத அளவுக்குப் போனால், மூச்சை இழுப்பதைவிட விடுவதை நீளமாக்கி ஒரு இரண்டு நிமிடம் விட்டுப் பாருங்கள். மூச்சு விடும்போது, மூளையிலிருந்து இதயத்துக்குப் போகும் வேகஸ் நரம்பின் வழியாக இதயம் கொஞ்சம் மெதுவாகும்.

இரவுக்கு வேறு வழி வேண்டும். பதினோரு மணிக்குப் படுக்கையில் கிடக்கும்போது உடம்பு சவாலுக்குத் தயாராவதில் ஒரு லாபமும் இல்லை. 2018-ல் மைக்கேல் ஸ்கல்லின் வெளியிட்ட ஒரு சிறு ஆய்வில் 57 இளைஞர்கள் தூங்கப்போகும் முன் ஐந்து நிமிடம் எழுதினார்கள். செய்து முடித்ததை எழுதியவர்களைவிட, வரும் நாட்களில் செய்ய வேண்டியதை எழுதியவர்கள் சராசரியாகச் சுமார் 9 நிமிடம் முன்னதாகத் தூங்கினார்கள். விவரமாக எழுத எழுதச் சீக்கிரம் தூங்கினார்கள். எனக்கு இது நன்றாகவே கைகொடுக்கிறது.

குழந்தைகளிடம் எப்படிச் சொல்வது?

“பயப்படாதே” என்பதை விட்டுவிட்டு, “எங்கே என்ன பண்ணுது?” என்று கேளுங்கள். வயிறு என்று சொல்லும், கை நடுங்குது என்று சொல்லும். “எனக்கும் அப்படித்தான் ஆகும்டா. உடம்பு ரெடி ஆகுது, அதான்” என்று சொல்லிவிட்டு விடுங்கள், வகுப்பு எடுக்க வேண்டாம். தேர்வே வேண்டாம் என்று அடம் பிடிக்கும் அளவுக்கு, சாப்பாடு இறங்காத அளவுக்குப் போனால் அது படபடப்பல்ல. பள்ளியில் யாராவது அடிக்கிறார்களா, கேலி செய்கிறார்களா என்று முதலில் விசாரியுங்கள்.

அப்படியானால் ஓய்வு எடுக்க வேண்டாமா?

கட்டாயம் வேண்டும். ஏறியது இறங்க வேண்டும் என்று மேலே சொன்னது இதற்காகத்தான். தூக்கம், நடை, ஆள் இல்லாத ஒரு மணி நேரம், இதில் எதற்கும் நல்ல எண்ணம் ஈடாகாது.

எப்போது டாக்டரிடம் போக வேண்டும்?

நெஞ்சு வலி வந்து தோள், கை, தாடைக்குப் பரவினாலோ, வலியோடு வியர்த்துக் கொட்டினாலோ, மூச்சு திணறினாலோ, ஸ்ட்ரெஸ்தான் என்று நீங்களாக முடிவு செய்யாமல் உடனே அவசர சிகிச்சைக்குப் போங்கள். பெண்களுக்கு வலி பெரிதாகத் தெரியாமல் குமட்டலும் அசதியுமாகவும் வரலாம். பெரிய துக்கச் செய்தி கேட்டவுடன் மாரடைப்பு போலவே வரும் டகோட்சுபோ என்ற இதயப் பாதிப்பும் உண்டு. ஜப்பானிய மருத்துவர்கள் 1990-ல் முதலில் விவரித்தார்கள், மாதவிடாய் நின்ற பெண்களிடம் அதிகம் காணப்படுகிறது. பெரும்பாலோர் குணமாகிவிடுகிறார்கள், ஆனால் அது மாரடைப்பா, இதுவா என்று ஆஸ்பத்திரியில்தான் பிரித்துச் சொல்ல முடியும்.

இரண்டு வாரத்துக்கு மேல் பெரும்பாலான நாட்கள் மனம் இருண்டே இருந்தால், முன்பு பிடித்தது எதுவும் பிடிக்காமல் போனால், அது மனச்சோர்வாக இருக்கலாம். உயிரை விட்டுவிடலாம் என்ற நினைப்பு ஒரு தடவை வந்தாலும் அன்றைக்கே யாரிடமாவது வாய்விட்டுச் சொல்லுங்கள், மருத்துவ உதவிக்கும் அன்றைக்கே போங்கள். டாக்டரிடம் “கொஞ்சம் டென்ஷன்” என்று மட்டும் சொல்லி நிறுத்தாதீர்கள். எத்தனை வாரமாக, எத்தனை மணி நேரம் தூங்குகிறீர்கள், சாப்பாடு எப்படி, என்ன வேலையைச் செய்ய முடியாமல் போகிறது, வீட்டில் யாரைப் பார்த்துக்கொள்கிறீர்கள் என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு போய் அப்படியே கொடுத்துவிடுங்கள்.